பச்சை எலுமிச்சையில் பத்தொன்பது ஆணி

முதல் கல் துல்கர்னைனின் காதை உரசிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. இரண்டாவது கல் சைக்கிளின் முன்சக்கரத்தில் பட்டு நாலு கம்பியை வளைத்தது. மூன்றாவது எங்கே விழுகிறது என்று பார்க்க அவன் காத்திருக்கவில்லை. சைக்கிளையும், காரியரில் உட்கார்ந்திருந்த தன் முதலாளியையும் சேர்த்து ரோட்டில் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் குதித்துவிட்டான்.

"அண்ணாச்சி! உசுரோட இருக்கியளா?"

"இருக்கேன் வே. நீரு ஓடின ஓட்டத்தைப் பாத்து அவனே பயந்து எறியுததை நிறுத்திட்டான். மேல வாரும்."

சிவசைலம் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அவருக்கு மண் என்றால் அப்படி ஒரு கிறுக்கு. விவசாய இலாகாவில் பதினோரு வருஷம் குப்பை கொட்டினவர். மேலதிகாரி எழுதின அறிக்கை தப்பு என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வெளியே வந்தவர். இப்போது தென்காசி ரயிலடிக்கு எதிரே ஒரு மாடியில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டியிருக்கிறார். துல்கர்னைன் குற்றாலத்தில் சர்பத் கடை போட்டு, சாரலே விழாத ஒரு சீசனில் நொடித்துப்போய் அவரிடம் வந்து சேர்ந்தவன். இந்த ஐந்து வருஷத்தில் அவனுக்கு ஒழுங்காகக் கிடைத்தது அடி ஒன்றுதான்.

"கல்லு யாரு கைங்கரியம்?" என்றபடி மேலே ஏறி வந்தான் துல்கர்னைன்.

"சங்கிலிப்பாண்டி ஆளுகளா இருக்கும். அண்ணனைப் பறிகொடுத்தவன். நாம கொலைகாரனுக்குத் துணை போறோம்னு நெனைக்கான்."

அண்ணன் பெயர் நல்லகண்ணு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற சுக்கான்பொத்தை ஊரில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்தவர். போன வருஷம், நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சாரல் காலத்தில், யாரோ அவரைக் கழுத்தில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். பிணம் தோட்டக் காவல்காரன் மாடக்கண்ணுவின் குடிசைக்குப் பின்னால் கிடந்தது. பக்கத்திலேயே மாடக்கண்ணுவின் அரிவாள். அந்த நேரம் நான் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தேன் என்றான் அவன். அருவியில் நின்ற ஆயிரம் பேரில் ஒருத்தர்கூட அவனைப் பார்த்ததாகச் சொல்ல வரவில்லை. கோர்ட்டு தூக்கு என்றது, மேல்கோர்ட்டும் தூக்கு என்றது. வருகிற வெள்ளிக்கிழமை விடிகாலையில் நாள் குறித்தாகிவிட்டது. இன்றைக்குச் செவ்வாய்.

நேற்று மாடக்கண்ணுவின் பெண்டாட்டி பேச்சித்தாய் மாடியேறி வந்து அழுதாள். அழுகைக்கு நடுவே ஒரு விஷயம் சொன்னாள். "தோட்டம் பூரா மஞ்சளாப் போச்சு அய்யா. ஒரே ஒரு மரம் மட்டும் பச்சைப் பசேல்னு நிக்கி. நல்லகண்ணு அண்ணாச்சி ஆவி அதுல குடியிருக்குன்னு ஊரே பயப்படுது." இதைக் கேட்டதும் சிவசைலம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நாளைக்கு வாரேன். நீ ஒரு குறடு மட்டும் கொண்டாந்திரு" என்றார்.

அப்போதே துல்கர்னைன் கேட்டான். "குறடு எதுக்கு அண்ணாச்சி? பேய்க்குப் பல்லு புடுங்கவா?"

"கிட்டத்தட்ட" என்றார் அவர்.

*

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் சாவடிக்குப் போனார்கள். ஊரெல்லாம் பனையோலைக் கூரையும் நாட்டு ஓடும். சாவடிக்கு மட்டும் தகரம். மலையிலிருந்து இறங்குகிற காற்றுக்கு அந்தத் தகரம் ஒரு ஓரத்தில் தூக்கித் தூக்கி அடித்தது. தடால், தடால். பறந்து போகாமல் இருக்க மேலே பாறாங்கற்களை ஏற்றி வைத்திருந்தார்கள்.

"முன்சீப்பு அய்யா, இது சாவடியா, மேளக்காரர் வீடா?" என்றான் துல்கர்னைன்.

கிராம முன்சீப் பரமசிவன் பெரிதாகச் சிரித்தார். வெற்றிலைச் சிவப்பு வாய், நெற்றியில் சந்தனம், யாரைப் பார்த்தாலும் உட்காரச் சொல்கிற சுபாவம். "உலகச் சண்டை வந்தாலும் வந்துது, கடையில ஆணின்னு ஒண்ணு கிடையாது. கல்லு வச்சுக் காலத்தை ஓட்டுதோம். நீங்க வந்த சோலி தெரியும். ஆனா மாடக்கண்ணு கதை முடிஞ்சு போச்சுல்லா? பொணத்தை மொதல்ல பாத்து மேல எழுதினவனே நான்தான்."

"தோட்டத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதோம்" என்றார் சிவசைலம்.

"தாராளமா. ஆனா சங்கிலிப்பாண்டி முரட்டுப் பய. நானும் வாரேன். நான் நின்னா கை வைக்க யோசிப்பான்."

குடையைச் சாவடியிலேயே மறந்துவிட்டு அவரும் கூடவே வந்தார். போகிற வழியில் துல்கர்னைன் பக்கம் சாய்ந்து, "நல்ல மனுசன்லா?" என்றார் சிவசைலம். அவர் யாரையாவது நல்ல மனுஷன் என்று சொன்னால் துல்கர்னைன் அந்த ஆளை விட்டு இரண்டடி தள்ளித்தான் நடப்பான்.

*

தோட்டத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சர்பத் ஆசையே விட்டுப்போயிற்று. நூறு மரம் இருக்கும். எல்லாம் மஞ்சளடித்து, நுனிக்கொம்புகள் காய்ந்து நின்றன. பேச்சித்தாய் வேலிப்படல் அருகில் குறட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர்க்காரர்கள் அவளை விலக்கி வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முன்சீப்பைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றாள்.

சிவசைலம் ஒரு கொப்பை வளைத்து இலையைக் காட்டினார். "என்ன தெரியுது வே?"

"மஞ்சக்காமாலை."

"நல்லாப் பாரும். நரம்பு பச்சை. நரம்புக்கு நடுவுலதான் மஞ்சள். இலை சிறுத்து, ஒடுங்கி, நுனியில கொத்தாக் கூடி நிக்கி. உரம் இல்லாம கெடுத மரம் இப்படி இருக்காது. இதுக்கு ஒரே ஒரு சரக்குதான் கொறையுது. துத்தநாகம்."

"அது வாளிக்குப் பூசுத சரக்குல்லா?"

"மரத்துக்கும் வேணும். துளியூண்டு போதும். உம்ம சட்டைப்பையில இருக்குத எலுமிச்சையை எடும்."

மத்தியானச் சர்பத்துக்கு வைத்திருந்த பழம். மனசில்லாமல் கொடுத்தான். சிவசைலம் அதைக் கீறித் தரையில் பிழிந்தார். சாறு பட்ட இடத்தில் மண் நுரைத்துப் பொரிந்தது.

"சுக்கான் மண். முழுக்கச் சுண்ணாம்பு. ஏம்மா, தோட்டம் எப்பத்தில இருந்து இப்படி ஆச்சு?"

"சமப்படுத்துனதுல இருந்துதான் அய்யா" என்றாள் பேச்சித்தாய். "நல்லகண்ணு அண்ணாச்சி மேல இருந்த செம்மண்ணை வழிச்சுப் பள்ளத்துல போட்டாவ. அடியில இந்த வெள்ளை வந்துட்டு. எங்க வாசல்ல எம்புருசன் வச்ச எலுமிச்சங்கன்னும் இப்படித்தான் மஞ்சளா நிக்கி."

"அதான் விஷயம். மண்ணுல துத்தநாகம் இல்லாம இல்ல வே. சுண்ணாம்பு அதைக் கரைய விடாது. கரையாததை வேரு எப்படிக் குடிக்கும்? அரிசிப் பானையைப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிக்கிட்ட மாமியா மாதிரிதான் இந்த மண்ணு. போதாக்கொறைக்கு வண்டி வண்டியா எலும்பு உரம் வேற போட்டிருக்காவ. அது பூட்டை இன்னும் இறுக்கும்."

நடுத் தோட்டத்தில் அந்த ஒற்றை மரம் நின்றது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குப் பாதி. எண்ணெய் தேய்த்த பச்சை. நாலடி தள்ளி நின்ற மரம் மஞ்சள். இதே மண், இதே வாய்க்கால் தண்ணீர்தான் இரண்டுக்கும்.

"அப்ப இதுக்கு மட்டும் சாவியை யாரு கொடுத்தா?" என்றான் துல்கர்னைன்.

"இதுல என்ன அதிசயம்?" என்றார் முன்சீப், தூரத்தில் நின்றபடியே. "வெட்டுப்பட்டவன் ரத்தத்தைக் குடிச்ச மரம் பச்சையாத்தான் நிக்கும்."

சிவசைலம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுவும் சரிதான்" என்றார்.

அந்த நேரம் சாரல் இறங்கியது. குற்றால மலையை மறைத்துக்கொண்டு வந்து சரசரவென்று கொட்டியது. தோட்டத்திலேயே நிழல் என்று சொல்ல அந்த ஒரு மரம்தான் இருந்தது. மூன்று பேரும் அதன் அடியில் ஒதுங்கினார்கள். முன்சீப் வரவில்லை. வெட்டவெளியில் நின்று நனைந்தார். சந்தனம் கரைந்து மூக்கில் வழிந்தது.

"அய்யா, இங்கன வாங்க" என்று கூப்பிட்டான் துல்கர்னைன்.

"சாரல்ல நனைஞ்சா உடம்புக்கு நல்லது" என்றார் முன்சீப்.

சிவசைலம் மண்டிபோட்டு மரத்தின் அடித்தண்டைச் சுரண்டினார். முழங்கால் உயரத்துக்குக் கீழே யாரோ களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளே ஆணிகள் இருந்தன. துல்கர்னைன் எண்ணினான். பத்தொன்பது. அதில் ஒன்று மட்டும் கறுத்துத் துருவேறிய, ஆசாரி அடித்த சதுரத்தலை இரும்பாணி. மற்ற பதினெட்டும் குடைபோலத் தலை விரிந்த சாம்பல் நிற ஆணிகள். இரும்பாணியின் கழுத்தில் ஒரு கற்றை நரைமயிர் சுற்றியிருந்தது.

பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். "பேயாணி!"

துல்கர்னைனுக்கும் தெரியும். வெட்டுப்பட்டுச் செத்தவன் ஆவி, ரத்தம் விழுந்த இடத்தை விட்டு நகராது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பயந்தவர்கள் பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டி வந்து, செத்தவன் மயிரை ஆணியில் சுற்றி, செத்த இடத்து மரத்தில் அடித்துக் கட்டிவிடுவார்கள். வேறு இடத்து மரத்தில் அடித்தால் பலிக்காது. அவனுடைய சர்பத் கடைக்குப் பக்கத்துப் புங்கமரத்தில்கூட மூன்று பேர் கட்டுண்டு கிடந்தார்கள்.

"பொணம் கெடந்தது குடிசைக்குப் பின்னால. அது முந்நூறு அடி தள்ளி" என்று மெல்லச் சொன்னான். "ஆணியை அங்கன அடிக்காம இங்கன அடிச்சிருக்கான்னா..."

"இங்கதான் வெட்டினான். பொணத்தை இழுத்துட்டுப் போய் மாடக்கண்ணு வாசல்ல போட்டிருக்கான். எடம் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் வே. இரும்பாணி கோடாங்கி அடிச்சது. அதுக்கப்புறமும் கொலைகாரனுக்கு உறக்கம் வரல. தானே வந்து தானே அடிச்சிருக்கான், பயம் வந்தப்பல்லாம் ஒண்ணு. அவன் அடிச்சது கூரைத் தகரத்துக்கு அடிக்குத ஆணி. துரு பிடிக்காம இருக்கத் துத்தநாகம் பூசியிருக்கும். மண்ணு பூட்டி வச்சதை இவன் நேரா மரத்து உடம்புலயே ஏத்திட்டான். அமெரிக்காவுல பழத்தோட்டக்காரங்க பத்து வருஷத்துக்கு முன்னால கண்டுபிடிச்ச வைத்தியம். இந்தப் பய பயத்துல கண்டுபிடிச்சிருக்கான்."

*

அவர் சொல்லி முடிக்கவில்லை. படலைப் பிய்த்தெறிந்துவிட்டு ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவன் சங்கிலிப்பாண்டி. ஆறடி ஆள், கையில் அரிவாள், கண்ணெல்லாம் ரத்தம்.

"எங்கண்ணன் இருக்குத மரத்துல எவம்லே கை வச்சது?"

"ஒரு நிமிசம்..." என்று துல்கர்னைன் குறுக்கே போனான். போயிருக்கக் கூடாது. ஒருவன் வீசிய கம்பு விலாவில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. முகத்துக்கு வந்த அரிவாளைத் தடுக்கக் கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே தீயை வைத்தது போலிருந்தது. ரத்தம் பீறிட்டுச் சட்டையை நனைத்தது. அவன் மல்லாந்து விழுந்தான். ஒருத்தன் நெஞ்சில் மிதித்தான், இன்னொருத்தன் வாயில் மிதித்தான். ஒரு பல் கழன்று நாக்கில் உருண்டது.

'குறடு இல்லாமலே புடுங்கிட்டானுவ' என்று நினைத்தான்.

"சங்கிலிப்பாண்டி!" சிவசைலம் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. "உங்கண்ணனுக்கு ஆணி அடிச்சுப் பூட்டி வச்சிருக்கான், பாரு! நீயா அடிச்ச?"

அரிவாள் பாதியில் நின்றது. சங்கிலிப்பாண்டி மரத்தடியைப் பார்த்தான். நரைமயிரைப் பார்த்தான். குனிந்து அதைத் தொட்டான்.

"எங்கண்ணன் மசிரு அது. எவம்லே அடிச்சது?"

"அடிச்சவன்தான் வெட்டினவன். ஆணியைப் பாரு. கூரைத் தகரத்து ஆணி. சண்டைக் காலம், கடையில கிடையாது. எங்கயோ அடிச்சிருந்ததைத்தான் புடுங்கியிருக்கான். உங்க ஊருல தகரக் கூரை எத்தனை?"

சங்கிலிப்பாண்டி வாயைத் திறந்தான். அவன் பதில் சொல்வதற்குள் ஊர்ப்பக்கமிருந்து காற்று ஒரு சத்தத்தைக் கொண்டுவந்தது.

தடால். தடால்.

எல்லாரும் திரும்பி முன்சீப்பைப் பார்த்தார்கள். அவர் இன்னும் மழையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொண்ணு" என்றார் சிவசைலம். "பொணம் குடிசைக்குப் பின்னால கெடந்துதுன்னு எழுதினது நீரு. ரத்தத்தை இந்த மரம் குடிச்சுதுன்னு சொன்னதும் நீரு. ரத்தம் இங்கன விழுந்துதுன்னு உமக்கு யாரு சொன்னா?"

முன்சீப் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆளைச் சும்மா சொல்லக் கூடாது. குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "ஊரு சொல்லுததைச் சொன்னேன். சாவடி ஆணியை எவன் வேணும்னாலும் புடுங்கியிருக்கலாம். இந்த ஊருல பேயாணி அடிக்குதவன் யாரு? மந்திரமூர்த்திக் கோடாங்கி. அவன்தான் வெட்டி, அவன்தான் கட்டியிருக்கான். அதான் போன ஆவணியிலயே ஆரியங்காவு தாண்டி மலையாளத்துக்கு ஓடிட்டான். எனக்கு இப்பதான் வே புரியுது!"

சங்கிலிப்பாண்டியின் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டினார்கள். அது நியாயமாகத்தான் பட்டது. பேச்சித்தாய் மட்டும் சிவசைலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மலையாளத்துக்கு ஓடிப்போனவனை வெள்ளிக்கிழமைக்குள் யார் பிடித்து வருவது? ஓடிப்போனவன் பெயரைச் சொன்னால் எந்தக் கோர்ட்டு தூக்கை நிறுத்தும்? சிவசைலம் உதிர்ந்த மண்பூச்சு ஒன்றை எடுத்து விரலில் பொடித்துக்கொண்டே நின்றார். ஐந்து வருஷத்தில் துல்கர்னைன் அவரை இப்படிப் பார்த்ததில்லை. அதைப் பார்க்க விலா வலியை விட வலித்தது.

மல்லாந்து கிடந்தவன் கண்ணை வேறு பக்கம் திருப்பினான். தரையோடு தரையாகப் பார்த்தால் மரங்களின் இடுக்கில் வேலி மூலைவரை தெரிந்தது. அங்கே தாழம்புதருக்குப் பின்னால், நின்று பார்த்தால் தெரியாதபடி, ஒரு பாழுங்கிணறு.

"அண்ணாச்சி" என்றான் ரத்தத்தைத் துப்பிவிட்டு. "ஒரு சந்தேகம். ஆணி அடிச்சாத்தான் பச்சையாகும்னா, அங்கன கெணத்தடியில ஒண்ணு பச்சையா நிக்கே, அது எந்த வைத்தியர் பாத்தது?"

சிவசைலம் ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் ஓடுவார் என்று யாருக்கும் தெரியாது. தாழம்புதரை விலக்கி, மரத்தடியில் மண்பூச்சை உடைத்தார். பதினாலு ஆணி. எல்லாம் சாம்பல் நிறம். எல்லாம் குடைத்தலை.

"இரும்பாணி எங்க?" என்று கத்தினார் அங்கிருந்தே. "கோடாங்கி அடிக்குத ஆசாரி ஆணி இங்கன ஏன் இல்ல? சொல்லும், முன்சீப்பே! ஏன் இல்லன்னா, கோடாங்கியே இந்தக் கெணத்துக்குள்ள இருக்கான்! மந்திரமூர்த்தி எங்கயும் ஓடல. நல்லகண்ணுக்கு ஆணி அடிக்கக் கூட்டிட்டு வந்தீரு. எடத்தைத் தெரிஞ்சவன் வெளிய சொல்லிருவான்னு அவனையும் வெட்டினீரு. அவனைக் கட்ட ஆளு இல்லாம நீரே கட்டினீரு!"

"சாட்சி இருக்கா?" என்றார் முன்சீப். உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் கேட்டார். "மரம் வந்து கோர்ட்டுல சொல்லுமா?"

பேச்சித்தாய் எழுந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. குறட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள், மரத்துக்கு முன்னால் மண்டிபோட்டாள், முதல் ஆணித் தலையைக் கவ்விப் பிடித்தாள்.

"மந்திரமூர்த்தி அண்ணாச்சி, நான் பேச்சித்தாய். கட்டை அவுக்கேன். எந்திரிச்சு வாங்க."

ஆணி கிறீச்சென்று அசைந்தது.

"புடுங்காதட்டி!" என்றார் முன்சீப்.

"வெட்டினவன் இங்கனதான் நிக்கான். வந்து பாருங்க அண்ணாச்சி." ஆணி கையோடு வந்தது. அவள் அடுத்ததைப் பிடித்தாள். சாரல் காற்றில் தாழை மடல்கள் உரசின. மூன்று. நாலு. ஒவ்வொன்றுக்கும் அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், விருந்தாளியைக் கூப்பிடுகிற குரலில்.

ஐந்தாவது ஆணிக்கு முன்சீப் கிணற்றடிக்கு ஓடி வந்து அவள் பக்கத்தில் முழங்காலில் விழுந்தார்.

"வேண்டாம்! விட்டுரு! அவன் வந்தா என் கொரவளையைக் கடிச்சிருவான்! கெணத்துக்குள்ளதான் கெடக்கான், கல்லைக் கட்டித் தள்ளினேன். நல்லகண்ணும் நான்தான். எல்லைக் கல்லை நான் நகட்டினதைப் பாத்துட்டான், மறுநாள் தாசில்தார்கிட்ட போறேன்னான். மாடக்கண்ணு குடிசையில கெடந்த அரிவாளை எடுத்தேன்... எல்லாம் சொல்லுதேன், ஆணியை மட்டும் திரும்ப அடிச்சிரு தாயி!"

சங்கிலிப்பாண்டி நேராக நடந்து போய், முன்சீப்பின் குடுமியைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்து, அரிவாளை ஓங்கினான்.

துல்கர்னைன் எழப் பார்த்தான், முடியவில்லை. சிவசைலம் பத்தடி தள்ளி இருந்தார். பேச்சித்தாய்தான் பக்கத்தில் இருந்தாள். அவள் குறட்டைப் போட்டுவிட்டு அந்த மனிதர்மேல் விழுந்தாள். தன் புருஷனைத் தூக்குமரத்துக்கு அனுப்பினவன் கழுத்தைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

இறங்கிக்கொண்டிருந்த அரிவாளைச் சங்கிலிப்பாண்டி கடைசி நொடியில் திருப்பினான். அது அவள் தோள் சதையைச் சீவிக்கொண்டு போய் மரத்தில் பாய்ந்து நின்றது.

"எந்திரிட்டி! இவனுக்கா நீ குறுக்க வருத?"

"இவன் செத்தா எம்புருசன் செத்தாவ!" என்று அலறினாள் பேச்சித்தாய். ரத்தம் அவள் முதுகில் வழிந்து முன்சீப்பின் வேட்டியில் ஒழுகியது. "இப்பச் சொன்னதைக் கோர்ட்டுல வந்து சொல்ல இவனுக்கு நாக்கு வேணும் அண்ணாச்சி! ஒங்க கால்ல விழுதேன். எனக்கு இவன் உசுரோட வேணும்!"

சங்கிலிப்பாண்டி அரிவாள் பிடியை விட்டான். பிறகு சேற்றில் உட்கார்ந்து, அண்ணன் பெயரைச் சொல்லி, சின்னப் பிள்ளைபோல அழுதான். அவனுடைய ஆட்கள் தலைத்துண்டால் முன்சீப்பின் கையைக் கட்டினார்கள்.

சிவசைலம் வந்து துல்கர்னைன் கையில் துணியைச் சுற்றினார். "அவன் ஒத்துக்கிட்டது போலீஸ் காதுல மட்டும் விழுந்திருந்தா கோர்ட்டுல செல்லாது வே. ஊரு காதுல விழுந்திருக்கு. செல்லும்."

"என் பல்லு செல்லுமா அண்ணாச்சி?"

*

அன்று சாயங்காலத்துக்குள் கிணற்றில் கொக்கி போட்டு மந்திரமூர்த்தியின் எலும்பை எடுத்தார்கள்; இடுப்பில் கல், கழுத்தில் உடுக்குக் கயிறு. தென்காசி மாஜிஸ்திரேட் முன்னால் முன்சீப் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னார். சங்கிலிப்பாண்டி முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டான். ராத்திரியே தந்திகள் போயின.

மறுநாள் முழுக்கப் பேச்சித்தாய் தபாலாபீஸ் வாசலை விட்டு நகரவில்லை. தோளில் கட்டு. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் பதில் வந்தது. சிவசைலம் படித்தார். தூக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வழக்கைத் திரும்ப எடுக்கிறார்கள்.

அவள் அழவில்லை. "அய்யா, எனக்கு ஒரு ஆணி தருவியளா?" என்றாள்.

"அதெல்லாம் கோர்ட்டுச் சொத்தும்மா. ஒண்ணுகூடத் தர முடியாது."

துல்கர்னைன் இருமினான். விலா வலியில் உயிர் போனது. நல்ல கையைச் சட்டைப்பையில் விட்டு நாலு குடைத்தலை ஆணிகளை எடுத்தான். "சாவடிக் கூரையில புடுங்கினது. ஒத்துப் பாக்கத்தான் எடுத்தேன். ஒத்துப் பாத்தாச்சு."

சிவசைலம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

பேச்சித்தாய் நாலையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜன்னலுக்குள்ளிருந்து தபால்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்குக் கதை பாதிதான் தெரியும், முகம் பயந்திருந்தது. "இன்னும் எந்தச் செத்தவனைக் கட்டப் போறம்மா?"

"செத்தவியளுக்கு இல்ல அண்ணாச்சி" என்றாள் அவள். "வாசல்ல அவிய வச்ச கன்னு மஞ்சளாக் கெடக்கு. உசுரோட வரும்போது பச்சையா நிக்கணும்லா."